ஆடுகள் அஞ்சி விலகுகின்றனவா?

இடைக்கால இங்கிலாந்தின் உழவர்களைக் கலங்கவைத்தது குளிர்காலத்தின் தொடக்கமன்று, அதன் முடிவே. இளவேனில் அண்மையில் வந்து நிற்கும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும், முந்தைய கோடையில் அறுத்துச் சேர்த்த உலர்புல் தீரும் நிலைக்கு வந்துவிடும். புதுப்புல்லோ இன்னும் தலைகாட்டியிராது. பல மாதங்களாகக் கொட்டிலில் அடைபட்டிருந்த எருதுகள் மெலிந்து நிற்கும். ஆயினும் தவக்கால விதைப்புக்கு ஏர் இழுக்க வேண்டியவை அவையே. வலிமை குன்றிய வேளையிலேயே அவற்றிடம் வலிமை மிகுதியாகக் கேட்கப்பட்டது.

இந்த இக்கட்டைக் கடப்பது எவ்வாறு என்று சிந்தித்தவர்களுள் ஒருவர் ஹென்லி வால்ட்டர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அந்நாளைய இங்கிலாந்து மேலோர் வழங்கிய பிரெஞ்சு மொழியில், பண்ணை நிர்வாகம் பற்றி ஒரு சிறுநூல் இயற்றினார். முதிய தந்தை மகனுக்கு அறிவுரை கூறும் பாங்கில் அமைந்தது அது. பண்ணைக் காரியக்காரராயிருந்து அனுபவம் பெற்ற அவர், பின்னாளில் புனித சாமிநாதர் சபைத் துறவியானார் என்பது கையெழுத்துப் படியொன்றின் குறிப்பு. அச்சுக்கலை தோன்றாத அக்காலத்தில் படியெடுக்கப்பட்டவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் இன்றும் எஞ்சியிருப்பதே நூலின் செல்வாக்கைக் காட்டும்.

வால்ட்டர் முதலில் நாள்களை எண்ணுகிறார். ஆண்டின் 52 வாரங்களில் திருநாள்களுக்கும் பிற தடைகளுக்குமாக 8 வாரங்களைக் கழித்துவிடுகிறார். எஞ்சிய 44 வாரங்களே உழைப்புக்குரியவை. ஓய்வையும் இடையூறையும் முன்னதாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளும் திட்டம் இது. அடுத்து நிலத்தை நோக்குகிறார். களிமண் நிலத்திலும் கல்நிலத்திலும் முந்தி விதைக்கச் சொல்கிறார். மார்ச் வறண்டுவிட்டால் களிமண் இறுகிப்போகும். கல்நிலம் ஈரமிழந்து வெடித்துவிடும். ஆகவே ஒரு வாரத் தாமதம் ஓராண்டு உணவைப் பாதிக்கக்கூடும்.

அடுத்து வருவது கொட்டில். எருதின் முன் தீவனத்தை ஒரேயடியாகக் குவிக்கலாகாது. சிறிது சிறிதாகப் பலமுறை இடவேண்டும் என்கிறார். மிகுதியாக இட்டால் எருது வயிறார உண்டபின் படுத்து அசைபோடும், அதன் மூச்சுக்காற்று பட்ட மீதித் தீவனத்தை மீண்டும் தொடாது, அது வீணாகும். எருதுகளைக் குளிப்பாட்டி, உலர்ந்தபின் தேய்த்துவிடவும் பணிக்கிறார். அதே காலத்தெழுந்த ‘செனஷோசி’ என்னும் மற்றொரு நூலோ, எருதுகளைப் பேணுவோர் இரவுதோறும் அவற்றுடனேயே உறங்க வேண்டும் என்று விதிக்கிறது.

இத்துணைக் கவனம் ஏன் என்பதை அடுத்த தலைமுறை கண்ணீரோடு உணர்ந்தது. 1315இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் வடு ஆறுமுன்னே, 1319இல் மாட்டுக் கொள்ளைநோய் இங்கிலாந்தில் புகுந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் நாட்டின் மாடுகளில் பாதிக்கு மேல் மடிந்தன. விதை இருந்தும் ஏர் இழுக்க எருதில்லாத நிலை பல பண்ணைகளில் ஏற்பட்டது. எவ்வளவு தேர்ந்த திட்டமும் அந்நோயைத் தடுத்திருக்க இயலாது. ஆனால் மனிதனின் உணவு ஒரு வாயில்லாப் பிராணியின் நலத்தையே நம்பியிருந்தது என்ற உண்மை அப்போது வெளிப்பட்டது.

வால்ட்டரை நாம் இரக்கமே உருவானவராக எண்ணிவிடலாகாது. அவர் கணக்கர். உழவுக்குக் குதிரையைவிட எருதே மேல் என்பதற்கு அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று, முதுமையில் எருதைக் கொழுக்கவைத்து உணவாக்கலாம். குதிரையிடம் எஞ்சுவது தோல் மட்டுமே என்பது. பாஸ்காவுக்கும் பெந்தகோஸ்துக்கும் இடையே மந்தையைத் தரம்பிரித்து, பயன்படாதவற்றைக் கழித்துவிடவும் சொல்கிறார். ஆதாயமே அவர் குறிக்கோள்.

எனினும் அதே கணக்கர், மேய்ப்பனைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வேறொரு அளவுகோலைக் கையிலெடுக்கிறார். மேய்ப்பன் சினமுடையவனாயிருத்தல் கூடாது. அவன் மந்தையின் நடுவே நடக்கும்போது ஆடுகள் அச்சமின்றி மேய்கின்றனவா, அவனைக் கண்டு விலகுகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார். விலகினால் அவன் அவற்றிடம் கனிவாக நடப்பவன் அல்லன்.

பண்ணையின் கணக்குகள் யாவும் ஆண்டுதோறும் தணிக்கைக்கு வந்தன. குறைந்த தானியத்தையும் இறந்த ஆட்டையும் ஏட்டில் காணலாம்; காரியக்காரன் விளக்கமும் கூறலாம். ஆனால் ஓங்கிய கோலும் கடுஞ்சொல்லும் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. அவற்றுக்கு ஆடுகளே சாட்சி. அச்சாட்சியைக் கேட்டறிய வேண்டும் என்று, ஆதாயத்துக்காக எழுதப்பட்ட ஒரு நூல் நமக்குக் கற்பிக்கிறது.

மேய்ப்புப் பணி என்ற சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். நமது பணியின் நிறைகுறைகளை ஏடுகளில் எழுதியும் வைக்கிறோம். நாம் நடுவே நடக்கும்போது நம்மிடம் ஒப்படைக்கப்பட்டோர் இயல்பாய் இருக்கிறார்களா, ஒதுங்கிப்போகிறார்களா என்று எத்தனை முறை திரும்பிப் பார்த்திருக்கிறோம்?