காலி நாற்காலியின் கதை

பெண்ணாடம் கடைத்தெருவில் நின்று கொடிகளைப் பாருங்கள். கறுப்புக்கு நடுவே சிவப்பு வட்டம் என்றால் திராவிடர் கழகம். மேலே கறுப்பு, கீழே சிவப்பு என்றால் தி.மு.க. நிறம் இரண்டும் ஒன்றுதான், கொடிதான் வேறு. அந்தக் கொடி இரண்டானதற்கு உடனடிக் காரணம் ஒரு கல்யாணம்.

1949 ஜூலை 9 அன்று பெரியார் மணியம்மையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு எழுபதாவது வயது நடந்துகொண்டிருந்தது. மணியம்மைக்கு முப்பதையொட்டிய வயது. முதல் மனைவி நாகம்மையார் 1933இலேயே மறைந்துவிட்டார். வேலூரிலிருந்து இயக்கத்துக்கு வந்த மணியம்மை, பெரியாரின் சாப்பாடு, மருந்து, பயணம் எல்லாவற்றையும் சில ஆண்டுகளாகவே கவனித்துவந்தவர்.

பெரியார் சொன்ன காரணம் காதல் அல்ல, வாரிசு. தமக்குப் பிறகு இயக்கமும் அதன் சொத்தும் நம்பிக்கையானவர் கையில் இருக்க வேண்டும் என்றார். பெண்ணைத் தத்தெடுக்க அன்றைய இந்துச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே இது ஒரு சட்ட ஏற்பாடு என்றார்.

தொண்டர்களுக்கு மனம் ஒப்பவில்லை. கிழவருக்குக் குமரியைக் கட்டிவைக்கும் பொருந்தா மணத்தை ஊர் ஊராகக் கண்டித்தவர்கள் அவர்கள். இனி எந்த முகத்தோடு மேடை ஏறுவது? அந்த வேதனை, அண்ணாவின் 'திராவிட நாடு' இதழில் 'கண்ணீர்த்துளிகள்' என்ற தலைப்பில் வெளிவந்தது. பிரிந்துபோனவர்களைப் பெரியார் பின்னாளில் அந்தப் பெயராலேயே ஏசினார். 1947 ஆகஸ்ட் 15 துக்க நாளா, இன்ப நாளா என்று பெரியாருக்கும் அண்ணாவுக்கும் இருந்த பிணக்கு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. கல்யாணம் அதைப் பற்றவைத்தது.

1949 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாள். அன்றுதான் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம் உருவானது. மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், முதல் பொதுக்கூட்டம். அண்ணா பொதுச்செயலாளர் ஆனார். தலைவர் நாற்காலியை மட்டும் பெரியாருக்கென்று காலியாக வைத்தார்கள். கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன பிள்ளை, அப்பாவின் இடத்தை அப்படியே விட்டுவைப்பது போல. 1969இல் கலைஞர் தலைவராகும்வரை, இருபது ஆண்டுகள், அதில் யாரும் உட்காரவில்லை.

1967இல் தேர்தலில் வென்றதும் அண்ணா நேரே திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். ஒரு கல்யாணத்தால் பிரிந்தவர், அதே ஆண்டில் சுயமரியாதைக் கல்யாணத்துக்குச் சட்ட ஏற்பும் வாங்கித் தந்தார்.

இத்தனை பெரிய வழக்கில் குறைவாகக் கேட்ட குரல் மணியம்மையுடையது. பெரியாரின் வயதை எண்ணினார்கள், நோக்கத்தை அலசினார்கள். அந்தப் பெண் என்ன நினைத்தார் என்பதற்கு அவருடைய வாழ்க்கைதான் பதில் சொன்னது. 1973இல் பெரியார் மறைந்ததும் திராவிடர் கழகத்தின் தலைமையை ஏற்றார். 1974 டிசம்பர் 25 அன்று சென்னையில், ராம லீலாவுக்குப் பதிலடியாக, இராவண லீலா நடத்திக் காட்டினார். 1978இல் கண்மூடும்வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.

வயது இடைவெளி பெரிதாக இருக்கும் எந்த இணையைப் பார்த்தாலும் ஊர் முதலில் கணக்குப் போடுகிறது. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. சின்னஞ்சிறு பெண்கள் கிழவர்களுக்குத் தாரமான மண் இது. ஆனால் கணக்குப் போட்டுவிட்டு நின்றுவிடக் கூடாது. இளையவரிடம் போய், "உன் மனசுக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலை நம்பவும் வேண்டும்.