எஜமானுக்கு வந்த கடிதம்

கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத்தீவு என்றுதான் நீண்ட காலமாக எழுதிவந்தார்கள். 2022இன் இறுதியில் அந்தப் பெயரைக் கைவிட்டு, 'கொம்பஞ்ஞ வீதிய' என்பதையே எல்லா மொழிகளிலும் பாவிக்க அரசு முடிவெடுத்தது. பெயர் மாறினது நல்லதா என்பது வேற விவாதம். அந்த அடிமைகளை வைத்திருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேதம் கேட்ட ஆட்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

1656இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். கோட்டைக்கு வெளியே, பேரே வாவிப் பக்கம் இருந்த இந்த நிலத்தில் கொம்பனியின் அடிமைகள் வைக்கப்பட்டார்கள். அடிமைகள் என்றதும் எங்களுக்கு ஆபிரிக்கர் மட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும்கூட மனிதரைக் கொண்டுவந்தார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது, நாகபட்டினத்தைக் கையில் வைத்திருந்த கொம்பனி ஆயிரக்கணக்கானவர்களை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பல் ஏற்றியது. விலைபோனவர்களில் தமிழரும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1707இல் எழுத்தில் வந்த தேசவழமையிலும் அடிமைகளுக்கென்று ஒரு பகுதி இருக்கு. ஆகவே இது வெள்ளைக்காரரின் பாவம் மட்டும் என்று கை கழுவவும் ஏலாது.

திருச்சபை இதை யோசிக்காமல் இருக்கவில்லை. 1618–19இல் டோர்ட் நகரத்தில் கூடிய சீர்திருத்தச் சபை மாநாட்டுக்குக் கிழக்கிந்தியாவிலிருந்து ஒரு கேள்வி வந்தது: கிறிஸ்தவ வீடுகளில் வளரும் புறமதப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? ஞானஸ்நானம் பெற்றவரை விற்கக்கூடாது என்ற கருத்தும் அங்கே சொல்லப்பட்டது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நன்னம்பிக்கை முனையில் நடந்தது என்ன? விற்க முடியாமல் போகும் என்று எஜமானர்கள் ஞானஸ்நானம் கொடுக்கவே தயங்கினார்கள். ஆத்துமாவுக்கு வரும் லாபம் கணக்குப் புத்தகத்தில் நட்டமாகத் தெரிந்தது.

அடுத்த சமாதானம் இன்னும் கெட்டித்தனமானது. சிறுவயதில் மேற்கு ஆபிரிக்காவில் விற்கப்பட்டு ஒல்லாந்தில் வளர்ந்த யாக்கோபுஸ் காப்பிட்டைன், 1742இல் லைடன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுரை வாசித்தார். கிறிஸ்துவுக்குள் கிடைக்கும் விடுதலை ஆவிக்குரியது, உடலின் அடிமைத்தனத்துக்கு அது எதிரல்ல என்பதே அவர் வாதம். அதே ஆண்டிலேயே டச்சு மொழிபெயர்ப்பு பலமுறை அச்சானது. அடிமையாக இருந்தவரின் வாயிலிருந்தே அது வந்ததால் எஜமானர்களுக்கு வலு நிம்மதி.

கொழும்பில் வுல்பெண்டால் தேவாலயம் 1757இல் பிரதிஷ்டையானது. 1759இல் பிலிப் டி மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு இதே நகரத்தில் அச்சேறியது. அதற்குள் பிலேமோனுக்கு எழுதின நிருபமும் இருக்கு. மொத்தம் 25 வசனம்தான். எஜமானிடமிருந்து பிரிந்துபோன ஒநேசிமு என்ற அடிமையை, இனி அடிமையாக இல்லாமல் பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் கேட்கிறார். அவன் பட்ட கடனைத் தன் கணக்கில் போடச் சொல்கிறார். தான் தங்க ஓர் இடம் ஆயத்தம் பண்ணு என்றும் எழுதுகிறார். 'நான் வந்து பார்ப்பன்' எண்டதுதான் அதின் அர்த்தம்.

இந்த நிருபத்தில் நாங்கள் கவனிக்காமல் தாண்டிப் போவது இரண்டாம் வசனம். கடிதம் பிலேமோனுக்கு மட்டும் இல்லை, அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஒரு வீட்டுக்காரர் தன் வேலையாளை எப்படி நடத்துகிறார் என்பது எல்லார் முன்னாலும் வாசிக்கப்பட வேண்டிய விஷயமாயிற்று. கொம்பனியின் காலத்துச் சபை கேட்டது 'அடிமைக்கு எதைக் கொடுக்கலாம்?' என்ற கேள்வி. பவுல் எஜமானிடம் 'நீ என்ன செய்யப்போகிறாய்?' என்று கேட்டார்.

இலங்கையில் அடிமைமுறை உடனே ஒழியவில்லை. 1816 ஓகஸ்ட் 12க்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று, பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் கொழும்பு எஜமானர்கள் ஒப்புக்கொண்டார்கள். சட்டப்படி முழுதாக ஒழிந்தது 1844இல். டி மெல்லோவின் தமிழில் அந்த நிருபம் அச்சாகி 85 வருஷம் கழித்து.

இன்றைக்கு கொழும்பில் யாரும் யாரையும் விலைக்கு வாங்குவதில்லை. ஆனால் மலையகத்திலிருந்து வந்த அக்கா ஞாயிறு காலையில் சமைத்துக்கொண்டிருக்க, வீட்டார் ஆராதனைக்குப் போகிறார்கள். அவவுக்குத் தனிக் கோப்பை. லீவு நாள் எது என்று யாருக்கும் தெரியாது. வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 16 என்று சட்டம் மாறினதே 2021இல்தான். இதைச் சபையில் கதைத்தால், 'அது அவையின்ர வீட்டு விஷயம்' என்பார்கள்.

பிலேமோனுக்கும் அது வீட்டு விஷயம்தான். அதனால்தான் அந்தக் கடிதம் சபைக்கும் சேர்த்து வந்தது. கீழ்ப்படியுங்கள் என்ற வசனங்களை வேலை செய்கிறவர்களுக்கு நிறைய வாசித்துவிட்டோம். வேலை வாங்குகிறவர்களுக்கு வந்த இந்தக் கடிதத்தை, பெயர் மாறின இந்தத் தெருவிலிருந்தாவது வாசிக்கத் தொடங்குவோம்.