காலண்டரில் இரண்டு குறிகள்

என் அமுச்சி வீட்டுச் சுவரில் உரக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். அதில் சில தேதிகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'செவலை' என்றோ 'எருமை' என்றோ எழுதியிருக்கும். அமுச்சிக்கு எழுதத் தெரியாது; அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் என் சித்தி. அதே காலண்டரில் வேறு சில தேதிகளின் மூலையில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புள்ளி இருக்கும். வட்டம் எதற்கென்று எட்டு வயதில் கேட்டேன். "மாடு கத்துன நாளு கண்ணு" என்று உடனே பதில் வந்தது. புள்ளி எதற்கென்று கேட்டபோது சித்தி காலண்டரின் தாளைப் புரட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தை நம்பிய ஊர் அது. செவலை ராத்திரியெல்லாம் கத்திய செய்தியை அப்புச்சி டீக்கடையில் சொல்வார், பால்காரர் விசாரிப்பார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் யோசனை சொல்வார். மாட்டின் பருவம் ஊர்ச் சொத்து. வீட்டுப் பெண்களின் இரத்தத்துக்கோ 'தூரம்' என்ற ஒரு சொல்தான் உண்டு, அதையும் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். அந்த மூன்று நாளும் கட்டுத்தரைக்குள் போகக் கூடாது. போனால் மாட்டுக்குப் பால் வற்றிவிடும். இதனால் மாட்டைப் பற்றிய நுணுக்கமெல்லாம் தீட்டு நின்றுபோன கிழவிகளிடம் போய்ச் சேர்ந்ததோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மாதம் முழுக்க இடைவிடாமல் கட்டுத்தரையில் இருக்க அனுமதி பெற்றவர் எங்கள் வீட்டில் அமுச்சி ஒருவர்தான்.

பசுவுக்கு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும். 18 நாளிலும் வரலாம், 24 நாளும் ஆகலாம். அது நீடிப்பது ஒரு நாள்கூட இல்லை: கலப்பினத்தில் 12 முதல் 18 மணி நேரம், நாட்டு மாட்டில் அதைவிடக் குறைவு. அறிகுறிகள் அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். பெரும்பாலும் இரவிலும் விடியலிலும்தான் அறிகுறிகள் தெரியும். இன்னொரு மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்பதே உறுதியான அடையாளம் என்கிறது கால்நடை மருத்துவம். ஒற்றை மாட்டைக் கட்டித்தறியில் கட்டிவைத்திருக்கும் வீட்டில் எது ஏறுவது, எது நிற்பது? அங்கே சின்ன அடையாளங்களைத்தான் நம்ப வேண்டும். தீவனத்தைப் பாதியில் விடுவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, வாலின் கீழே கண்ணாடிபோல் தொங்கும் வழும்பு, அன்றைக்கு மட்டும் பால் குறைவது. பால் குறைந்ததை முதலில் அறிவது கறக்கும் கை. எருமையின் பருவம் இன்னும் கடினம், பல நேரம் அது ஊமையாகவே வந்து போய்விடும். "எருமை வாயத் தொறக்காது, மடியத்தான் கேக்கோணும்" என்பார் அமுச்சி.

இரத்தத்தையும் அவர் படித்துவைத்திருந்தார். பருவம் முடிந்து ஓரிரு நாளில் சில பசுக்களுக்கு, குறிப்பாகக் கிடாரிகளுக்கு, வாலடியில் கொஞ்சம் இரத்தம் கசியும். அது சினை பிடித்ததற்கும் அடையாளமில்லை, பிடிக்காததற்கும் இல்லை. பருவம் கடந்துவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். "ரத்தம் பட்டுச்சுன்னா பஸ்ஸு போயிருச்சு. இன்னிப் பதினெட்டு நாளு கழிச்சுப் பாரு" என்று சொல்லிக் காலண்டரில் எண்ணச் சொல்வார். மாட்டின் இரத்தத்தையும் தன் இரத்தத்தையும் அவர் ஒன்றென்று நினைத்ததே இல்லை.

ஐரோப்பிய மருத்துவம் நினைத்தது. பெண் நாய்க்கு இரத்தம் வருவது பருவத்துக்கு முன்னால். பசுவுக்குப் பின்னால். பெண்ணின் மாதவிடாய் இவை இரண்டுமில்லை. கரு தங்காதபோது கருப்பையின் உள்பூச்சு உதிர்வது அது, கருமுட்டை வெளியேறி இரண்டு வாரம் போல ஆன பிறகு நடப்பது. 1840களில் ஜெர்மனியில் பிஷோஃப் நாய்களை அறுத்துப் பார்த்து, கலவி நடக்காமலே பருவத்தில் கருமுட்டை தானாக வெளிவருகிறது என்று காட்டினார். பிரான்சில் பூஷே இதையே விரிவாக்கி 1847இல் பெரிய நூல் எழுதினார். கண்டுபிடிப்பு உண்மையானது. அதிலிருந்து அவர்கள் தாவிய தாவல்தான் பிழை: நாய்க்குப் பருவத்தில் இரத்தம், பெண்ணுக்கும் இரத்தம், ஆகவே மாதவிடாயே பெண்ணின் பருவம். இந்தக் கணக்கின்படி, விலக்கு நாட்களை ஒட்டியே கரு உண்டாகும், மாதத்தின் நடுப்பகுதி பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் ஆலோசனை சொன்னார்கள். நேர்மாறான ஆலோசனை. ஏறக்குறைய 80 ஆண்டுகள் அது புழக்கத்தில் இருந்தது. அதை நம்பி, இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று எண்ணி, 'பாதுகாப்பான' நாளில் கருவுற்ற பெண்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. பிரசவத்தில் சாவது சாதாரணமாக இருந்த காலம் அது.

இந்தத் துறைக்கு இன்றைய சொற்களைக் கொடுத்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வால்டர் ஹீப். 1890இல் ஒரு முயலின் கருவை இன்னொரு முயலின் வயிற்றுக்கு மாற்றிக் குட்டி ஈனவைத்தவர். அதையடுத்து கல்கத்தாவுக்கு வந்து அனுமன் குரங்குகளின் மாதவிடாயை ஆராய்ந்து 1894இல் எழுதினார். செம்மறி ஆடுகள் ஏன் மலடாகின்றன, ஏன் குட்டி கலைகிறது என்று அறிய ஆடு வளர்ப்பவர்களிடம் விவரம் கேட்டுத் திரட்டினார். 1900இல் பாலூட்டிகளின் பருவச் சுழற்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பெயரிட்டார். 'ஈஸ்ட்ரஸ்' என்ற சொல் அந்தப் பெயரீட்டிலிருந்துதான் அறிவியலில் நிலைத்தது. 'ஈஸ்ட்ரோஜன்' பின்னால் அதிலிருந்து பிறந்தது. மூலச்சொல் கிரேக்கம். மாட்டைக் கடித்து வெறிகொண்டு ஓடவைக்கும் ஈ என்று பொருள். கிரேக்கப் புராணத்தில் ஐயோ என்ற பெண் மீது சீயஸ் ஆசைப்படுகிறான், அவள் பசுவாக மாற்றப்படுகிறாள், சீயஸின் மனைவி ஏவிய ஈ அவளை நாடு நாடாக விரட்டுகிறது. ஐயோ ஓடியது ஆசையால் இல்லை, கடி தாங்காமல். பெண்ணுடலின் விருப்பத்துக்கு அறிவியல் எடுத்துக்கொண்ட பெயர் அந்த ஈயினுடையது. (நம்முடைய 'பருவம்' பயிருக்கும் மழைக்கும் சேர்த்து வழங்குவது. 'கத்துது' என்பதோ மாடு செய்வதை அப்படியே சொல்வது. இரண்டுமே எனக்குப் பிடித்திருக்கின்றன.)

இதே ஹீப் 1913இல் ஆண்-பெண் பகைமை பற்றி ஒரு நூல் எழுதினார். வாக்குரிமை கேட்டு லண்டன் தெருக்களில் பெண்கள் போராடிக்கொண்டிருந்த நேரம். அந்தப் போராட்டத்தை அவர் உயிரியலால் விளக்கினார். தாய்மைதான் பெண்ணின் வேலை என்றார். செம்மறி ஆட்டைப் பற்றி எழுத ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டவர், பெண்களைப் பற்றி எழுத அவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

கேட்டவர் ஜப்பானில் இருந்தார். நீகாதா நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த ஒகினோ, அறுவைச் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் அவர்களுடைய விலக்கு நாட்களைத் துல்லியமாக விசாரித்துக் குறித்துக்கொண்டு, அறுவையின்போது சூலகத்தில் கண்டதோடு ஒப்பிட்டார். அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்பு கருமுட்டை வெளிவருகிறது என்று 1924இல் எழுதினார். சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் க்னாவுஸும் தனி வழியில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்தார். பிழை திருந்தியது.

மனிதப் பெண்ணின் நாட்கள் திருந்திய சில ஆண்டுகளில் நம் மாடுகளின் நாட்களைக் குறிக்கும் வேலை புதிதாகத் தொடங்கியது. 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமாரன் ஹள்ளிக்கார் பசுக்களுக்குச் செயற்கை முறையில் கருவூட்டினார். இந்தியாவில் அதுவே தொடக்கம். 1940இல் சென்னை மாகாணத்தில் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது: பொலிகாளை வைத்திருக்க உரிமம் வேண்டும், தகுதியில்லை என்று அதிகாரி கருதும் காளைக்கு விதையடிக்க வேண்டும். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஆதாரக் கிராமத் திட்டம். 1949இல் லண்டனில் கிளிசரின் சேர்த்தால் விந்தணு உறைநிலையிலும் பிழைக்கும் என்று தெரிந்தது. அதன் பின் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன், உறைவிந்துக் குச்சி, மோட்டார் சைக்கிளில் கேனோடு வரும் சினை ஊசிக்காரர்.

இந்த வரலாற்றைக் கால்நடைத் துறை வெளியீடுகளில் பலமுறை படித்திருக்கிறேன். அதில் ஒரு விஷயம் விடுபட்டுப்போகிறது. ஊர்க்காளையோ கோயில் காளையோ இருந்த காலத்தில், பருவத்தைக் கண்டுபிடிப்பது காளையின் வேலை. அதன் மூக்கு மோந்து அறிந்தது. நேரம் வரும்வரை பசுவின் பின்னாலேயே சுற்றியது. காளையை எடுத்துவிட்டு ஊசி வந்தபோது அந்த மூக்கின் வேலையை யாராவது செய்ய வேண்டியிருந்தது. நாலு மணிக்கு எழுந்து சாணி வழிப்பவரும் பால் கறப்பவரும் யாரோ அவர் தலையில் அது விழுந்தது. கூலி கிடையாது, பெயரும் கிடையாது. திட்டத்தில் காளைக்கு வரவு செலவு உண்டு, நைட்ரஜனுக்கு உண்டு, ஊசிக்காரருக்குச் சம்பளம் உண்டு.

எப்போது ஊசி போடுவது என்பதற்கு 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் நடத்திய ஆய்வுகளிலிருந்து ஒரு விதி கிடைத்தது: காலையில் பருவம் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. எங்கள் ஊர் வரைக்கும் அந்த விதி வந்துவிட்டது. ஆனால் அது 'முதலில் கண்டது எப்போது' என்பதில்தானே நிற்கிறது? ஊசிக்காரர் வந்ததும் அப்புச்சியிடம்தான் கேட்பார், "எப்பங்க கத்துச்சு?" அப்புச்சி தான் எழுந்த நேரத்தைச் சொல்வார்: "காலைலதானுங்க." நடுச்சாமத்திலேயே எழுந்து பார்த்த அமுச்சி கதவுக்குப் பின்னால் நின்றிருப்பார். ஊசிக்காரர் முன்னால் வந்து மாட்டின் பின்புறத்தைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை. நேரம் தவறும், 21 நாள் வீணாகும். குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டும். வெந்நீர் கொண்டுவரச் சொல்லிக் கேட்டது சில நாள், கேட்காதது பல நாள். சினை பிடிக்கவில்லை என்றால் சொல்வது ஒரே வாக்கியம்: "மாடு நிக்கல." மூன்று முறை நிற்கவில்லை என்றால் வறட்டு மாடு, சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள்.

காலண்டரில் எழுதிய சித்தியைக் காங்கேயம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஆறு வருஷம். "நிக்கல" என்ற அதே சொல்லைத்தான் அவரைப் பற்றியும் சொன்னார்கள். உறைவிந்து நிலையத்தில் ஒவ்வொரு காளையின் விந்தையும் நுண்ணோக்கியில் பார்த்து, உயிரணு அசைகிறதா என்று சோதித்த பிறகுதான் குச்சியில் அடைப்பார்கள். சித்தப்பாவை யாரும் எதற்கும் அழைத்துப் போகவில்லை. சித்தி வேப்பிலை குடித்தார், கோயிலில் மண்சோறு சாப்பிட்டார், ஒரு ஆடி மாதம் திரும்பி வந்துவிட்டார். அங்கே இரண்டாவதாக வந்த பெண்ணுக்கும் பிள்ளை இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

2011இல் தமிழக அரசு விலையில்லாக் கறவை மாடுகளைக் கிராமத்துப் பெண்களின் பெயரில் கொடுக்கத் தொடங்கியது. ஆதரவற்ற பெண்களுக்கு முன்னுரிமை. சித்திக்கு ஒரு ஜெர்சிக் கலப்புக் கிடாரி கிடைத்தது. அவருடைய வாழ்க்கையில் அவர் பெயரில் வந்த முதல் சொத்து. அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்குப் பல விமர்சனங்கள் உண்டு, தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் மாட்டை விற்ற பெண்களையும் தெரியும். சித்தி விற்கவில்லை. அது இப்போது ஆறு ஈத்து ஈன்றுவிட்டது, கன்றுகளில் இரண்டு அங்கேயே நிற்கின்றன.

போன தை மாதம் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். காலண்டரில் வட்டங்கள் இருந்தன, புள்ளிகள் நின்று வருஷங்களாகின்றன. விடியுமுன் கட்டுத்தரையில் கத்தல் கேட்டது. சித்தி டார்ச்சோடு போய் வாலைத் தூக்கிப் பார்த்தார், விரலில் வழும்பைத் தொட்டு வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தார். ஆறு மணிக்கு ஊசிக்காரரைத் தானே கைபேசியில் அழைத்தார். அவர் இப்போதே அந்தப் பக்கம் வருவதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"வேண்டாங் தம்பி. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது. வழும்பு இன்னும் தண்ணியாத்தான் இருக்குது. சாயந்தரம் அஞ்சு மணிக்கு வாங்க, வெந்நி வெச்சிருக்கறேன்."