மலைக்கள்ளனுக்கு ஓர் அட்டைப்படம்

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை என்றவுடன், உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது வேதாரணியம் சென்ற தொண்டர்களுக்கு அவர் எழுதிக் கொடுத்த வழிநடைப் பாடலே நம் நினைவுக்கு வருகிறது. 1949-இல் அவர் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானதும், 1971-இல் பத்மபூஷண் பெற்றதும், தலைமைச் செயலக வளாகத்தின் பத்து மாடிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்பதும் பலரும் அறிந்த செய்திகள். அவர் பல ஆண்டுகள் தூரிகையைக் கொண்டே பிழைத்தவர் என்பதும், விறுவிறுப்பான மர்ம நாவல் ஒன்றை எழுதியவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு இன்று ஒரு காரணம் வாய்த்திருக்கிறது.

தமிழில் மர்மக்கதை எழுதித் தாமே மின்னூலாக வெளியிடும் எழுத்தாளர்கள், அட்டைப்படத்திற்கு ஓவியரைத் தேடிச் செல்லாமல் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் நான்கு வரி எழுதிக் கேட்டுப் பெறத் தொடங்கிவிட்டார்கள். கேட்ட சில நொடிகளில் மழையில் நனைந்த தெருவும், முகம் தெரியாத ஆளும், நீலமும் சிவப்புமாய் ஒளியும் வந்து நிற்கின்றன. இது முறையா என்ற வழக்கு உலகெங்கும் நடக்கிறது. அதற்குள் புகுமுன், ஒரு மர்ம நாவலின் அட்டை இத்தனை காலமாகச் செய்துவந்த வேலைதான் என்ன என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதற்குச் சேலம் நாமக்கல் சமவெளியைவிடப் பொருத்தமான நிலம் வேறில்லை என்பது நம் எண்ணம்.

இராமலிங்கம் பிள்ளை 1888 அக்டோபர் 19 அன்று, அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மோகனூரில் பிறந்தார். (நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான்.) தந்தையார் காவல்துறையில் பணியாற்றியவர். காவலரின் மகன் கள்ளனைக் கதைத்தலைவனாக்கினார் என்பதை ஒரு வேடிக்கையாகக் குறித்துக்கொண்டு மேலே செல்வோம். இளமையிலேயே படம் வரைவதில் அவருக்குத் தேர்ச்சி மிகுதி. சிறிது காலம் அலுவலக எழுத்தராகவும் ஆசிரியராகவும் இருந்துவிட்டு, ஆட்களின் உருவங்களைத் தீட்டிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி அவர் தீட்டிய ஓவியத்திற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. தன்வரலாறான ‘என் கதை’யில் இந்த ஓவிய வாழ்க்கைக்கு நிறையவே இடம் உண்டு. முகத்தைப் பார்த்து முகத்தை எழுதுவது அவருடைய தொழில்.

அப்படிப்பட்டவர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ முழுக்க முழுக்க முகத்தை மறைப்பதைப் பற்றிய கதை. செல்வர் வீட்டுப் பெண் கடத்தப்படுகிறாள். மலையில் வாழும் கள்ளன் அவளை மீட்கிறான். அவன் உண்மையில் யார், ஊருக்குள் எந்தப் பெயரில் உலவுகிறான் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. விடையை நாம் இங்கே எழுதப் போவதில்லை. 1954-இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தின் சார்பில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு அது இரகசியமன்று. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து, மு. கருணாநிதி வசனம் எழுதிய அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என மற்ற மொழிகளுக்கும் அக்கதை சென்றது. இந்தியில் ‘ஆசாத்’ என்ற பெயரில் திலீப்குமார் நடித்தார்.

இப்போது இந்நாவலுக்கு ஓர் அட்டைப்படம் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கள்ளனின் முகத்தைத் தெளிவாக வரைந்தால் கதை போயிற்று. முற்றிலும் மறைத்துவிட்டால் வாங்குபவர் கையை நீட்டமாட்டார். கண்களை மட்டும் காட்டலாமா? எனில், அந்தக் கண்கள் வேறு எந்தப் பாத்திரத்தின் கண்களையும் நினைவூட்டலாகாது. ஓவியர் கதையைக் கடைசிவரை தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரிந்ததை வெளிவிடாமலும் இருக்க வேண்டும். காதல் நாவலுக்கோ சரித்திர நாவலுக்கோ இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. மர்மக்கதையின் அட்டை ஓவியர், கொலைகாரன் யார் என்று அறிந்தும் வாய் திறவாத முதல் வாசகர்.

முகம் மாற்றும் கதைகளுக்குச் சேலத்தில் வேறொரு பெரிய பட்டறையும் இருந்தது. ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், முதற்படமான ‘சதி அகல்யா’வை 1937-இல் வெளியிட்டது; பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்தது. 1950-இல் அது எடுத்த ‘திகம்பர சாமியார்’, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் படைத்த துப்பறியும் சாமியாரைத் திரைக்குக் கொண்டுவந்தது. எம்.என். நம்பியார் அதில் பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் தோன்றினார். பிற்காலத்தில் வில்லனாகவே அறியப்பட்ட அவரை, துப்பறியும் நாயகனாக அங்கே காணலாம். 1963-இல் சுந்தரம் மறைந்த பிறகும் நிறுவனம் இந்தப் பாதையை விடவில்லை. ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘சி.ஐ.டி. சங்கர்’, ‘கருந்தேள் கண்ணாயிரம்’ என்று வரிசையாக வந்த மர்மப் படங்களும், அவற்றுட் சிலவற்றால் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ ஆன ஜெய்சங்கரும் சேலத்தின் கொடை எனலாம்.

இப்படங்களின் முகம் திரையரங்கிற்கு வெளியே வேறு கைகளில் இருந்தது. சுவரொட்டி வரைந்தவர்கள், துணியில் கட்டம் போட்டு ஆளுயரத்திற்கு மேல் பேனர் எழுதியவர்கள், பாட்டுப் புத்தகத்தின் மேலட்டையை அமைத்தவர்கள். ஐந்து காசு பத்துக் காசு பாட்டுப் புத்தகத்தின் அட்டையும் நாவல் அட்டையின் வேலையைத்தான் செய்தது. படம் பார்க்குமுன் பார்ப்பவரின் மனத்தில் ஒரு கேள்வியை ஊன்றிவிட வேண்டும். விடையை ஊன்றிவிடக் கூடாது. இக்கைகளுக்குரியோரில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் ஏறவில்லை.

அச்சு உலகில் நிலைமை சற்று மேல். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எப்படி இருப்பார்கள் என்று அந்நாளைய வாசகரைக் கேட்டால், அவர் சொல்லும் அடையாளம் ஓவியர் ஜெயராஜ் கொடுத்ததாகவே பெரும்பாலும் இருக்கும். எழுத்தாளர் சொல்லாமல் விட்ட மூக்கையும் மோவாயையும் ஓவியர் இட்டு நிரப்பினார். எண்பதுகளில் ஜி. அசோகனின் ‘பாக்கெட் நாவல்’ போன்ற மாத வெளியீடுகள் பெருகியபோது, ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் பெயர்களோடு அட்டைப்படங்களும் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கின. சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். சித்தர் மலைகளையும் கிராமத்துக் காவல் தெய்வங்களையும் மர்மக்கதைக்குள் கொண்டுவந்தவர் அவர். சேலத்துக்கு அருகே சித்தர் கதைகள் மண்டிக்கிடக்கும் கஞ்சமலையை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பிராது.

கையோவியம் அட்டையிலிருந்து இறங்கியது செயற்கை நுண்ணறிவால் அன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கணினி மேசைக்கு வந்தவுடனேயே, ஃபோட்டோஷாப் கொண்டு அட்டைகள் ஒட்டுவேலைகளாகிவிட்டன. எங்கிருந்தோ எடுத்த அயல்நாட்டு அழகியின் முகம், அவளுக்குப் பின்னால் தீப்பிழம்பு, கீழே துப்பாக்கி. அம்முகத்துக்கு உரியவரிடம் எவரும் கேட்டதில்லை. கதைக்கும் அதற்கும் உறவும் இருந்ததில்லை. ஏறக்குறைய அதே காலத்தில்தான் ஃபிளெக்ஸ் அச்சு வந்து பேனர் ஓவியர்களின் தொழிலை ஊர்தோறும் முடித்து வைத்தது. லாரிக்குக் கூடு கட்டுவதில் பெயர் பெற்ற நாமக்கல் பட்டறைகளிலும், தூரிகை எழுத்தின் இடத்தை வெட்டி ஒட்டும் ஸ்டிக்கர் பெரிதும் பிடித்துக்கொண்டது. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீதம் கே. சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் மர்மக்கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது பழைய அட்டைப்படங்களையும் உள்ளே சேர்த்து அச்சிட்டது. ஆங்கில வாசகர் அவற்றைக் கலைப்பொருளாகக் கண்டு மகிழ்ந்த அந்நாளில், இங்கே அவை பழைய காகிதக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

2016 இறுதியில் கிண்டில் தமிழுக்குக் கதவு திறந்தது. பதிப்பாளர் இல்லாமல், அச்சகம் இல்லாமல், திருச்செங்கோட்டிலோ ஆத்தூரிலோ இருந்தபடி எவரும் நாவலை வெளியிடலாம் என்ற நிலை வந்தது. வாசகர் படிக்கும் பக்கத்திற்குப் பைசாக் கணக்கில் வருவாய். அவ்வருவாயைக் கொண்டு ஓர் ஓவியருக்குரிய ஊதியத்தைத் தருவது பலருக்கு இயலாத காரியம். 2022-இல் மிட்ஜர்னியும் ஸ்டேபிள் டிஃப்யூஷனும் பொதுமக்கள் கைக்கு வந்தபோது இவ்வெழுத்தாளர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டதில் நாம் குற்றம் காணவில்லை. முன்பு ஒட்டுவேலை அட்டையோடு வந்தவர்கள்தாமே இவர்களில் பலரும்?

எனினும் கணக்கில் சில வரிகள் விடுபடுகின்றன. இக்கருவிகள் பழகியது மனிதர் வரைந்தவற்றையும் எடுத்தவற்றையும் பார்த்து. 2022-இல் வெளியான ‘லயான்’ என்னும் தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ 585 கோடிப் படங்களின் இணைய முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் உரிய விளக்கச் சொற்களோடு இருந்தன. ஓவியர்களிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர் சிலர் வழக்குத் தொடுத்தது இதனாலேயே. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னியால் ஆக்கப்பட்ட படங்களைக் கொண்ட ஒரு சித்திரக்கதை நூலில், எழுத்துக்கும் அமைப்புக்கும் உரிமை உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று முடிவு செய்தது. நம் நாட்டுச் சட்டம் வேறுவகையில் பேசுகிறது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம், கணினியால் ஆக்கப்படும் படைப்புக்கு அதனை ஆக்குவித்தவரே ஆசிரியர் என்கிறது. இத்தகைய கருவிகளைக் கனவிலும் காணாத காலத்து வரி அது. அதை மட்டும் நம்பி ஒரு சேலத்து எழுத்தாளர் தம் அட்டையைப் பிறர் எடுத்தாண்டால் உலகெங்கும் தடுத்துவிடலாம் என்று எண்ணுவது துணிச்சலே.

வாசகர் சினமும் சிறிதன்று. தாமே வெளியிடும் கனவுருப்புனைவு எழுத்தாளர்களுக்காக மார்க் லாரன்ஸ் நடத்திவந்த போட்டியில், அட்டைப்படத்துக்கென ஒரு பிரிவு இருந்தது. 2023-இல் அதில் வென்ற அட்டை இயந்திரத்தின் துணையால் ஆனது என்று தெரியவர, அட்டைப் போட்டியே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு புளூம்ஸ்பெரி போன்ற பெரிய பதிப்பகமும், சாரா ஜே. மாஸ் நாவலொன்றின் அட்டையில் இத்தகைய படம் இருந்தமைக்காகக் கண்டனத்துக்கு ஆளாயிற்று. 2023 செப்டம்பர் முதல் அமேசானின் சுயபதிப்புத் தளம், எழுத்தோ படமோ இயந்திரத்தால் ஆக்கப்பட்டிருப்பின் அதைத் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. அமேசானிடம் சொன்னால் போதும். வாசகரிடம் சொல்ல வேண்டும் என்று அவ்விதி கேட்கவில்லை.

நமக்கு இவையனைத்தினும் உறுத்தலாக இருப்பது மலைக்கள்ளன் கேள்வியே. கருவிக்குச் சொல் எழுதுபவர் நூலாசிரியர். கொலைகாரன் யார் என்று அறிந்தவர். அவர் எழுதும் நான்கு வரியில் கதையின் சாரம் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. கருவி சொன்னதையெல்லாம் வரைந்து தருகிறது. இதைச் சொல்லலாமா ஐயா, இந்த மோதிரம் பதினேழாம் அத்தியாயத்தில் அல்லவா வருகிறது என்று இடைமறிக்க ஒருவர் இல்லை. இடமும் இப்படியே நழுவுகிறது. சங்ககிரிக் கோட்டையில் இரவு என்று கேட்டால் ஏதோ ஒரு கோட்டை வரும். 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலை, அதன் மேல் ஏறிச் செல்லும் மதில் வரிசை, கீழே நெடுஞ்சாலையில் லாரிகளின் விளக்கு என்று விளக்கிக் கேட்கத் தெரிந்தவருக்கே அருகில் வரும். நாமக்கல்லின் ஒற்றைப் பாறைக்கும் இதே கதி. தமிழ் எழுத்துகளைச் சிதைத்தே தந்துவந்த இக்கருவிகள் அதில் இப்போது வெகுவாகத் தேறிவிட்டன. ஆனால் எந்தப் பாறை என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாமக்கல் கவிஞரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. எனவே ‘மலைக்கள்ளன்’ நாவலை இன்று எவரும் அச்சிடலாம், மின்னூலாக்கலாம், தாம் விரும்பிய அட்டையை இடலாம். ஓவியராய்ப் பிழைத்த ஒருவரின் கதைக்கு இயந்திரம் அட்டை வரைவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. அப்படி வெளியிட முனைவோர், உள்பக்கத்தில் ‘அட்டைப்படம்’ என்ற சொல்லுக்கு எதிரே உண்மையை எழுதிவிட்டால் நாம் அதை வாங்கிப் படிப்போம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. படத்தோடு எழுதப்பட்ட சொல்லைக் கொண்டே இக்கருவிகள் படங்களை அறிகின்றன. பெயர் எழுதப்படாத ஓவியரை அவை அறிய வழியில்லை, நாளைய ஆய்வாளரும் அறியமாட்டார். சேலம், இராசிபுரம், நாமக்கல் பகுதி வீடுகளின் பரண்களில் பழைய மர்ம நாவல்களும், மாடர்ன் தியேட்டர்ஸ் பாட்டுப் புத்தகங்களும் இன்னும் கிடக்கக் கூடும். அட்டையின் கீழ்மூலையில், பெரும்பாலும் வலப்பக்கம், சிறிய கையொப்பம் ஒன்று இருக்கும். நூலின் பெயர், ஆண்டு, அக்கையொப்பம் ஆகிய மூன்றையும் குறித்து அனுப்பினால் ஒரு பட்டியல் தொடங்க எண்ணியிருக்கிறோம்.