மொற்றியாத் தீவின் தாம்போதி

சிசிலியின் மேற்குக் கரையில், இன்று மர்சாலா என வழங்கும் நகருக்கு வடக்கே, ஆழமற்ற களப்பொன்று உண்டு. அதன் நடுவே ஏறத்தாழ 110 ஏக்கர் பரப்பினதாய்க் கிடக்கும் சிறு தீவே பண்டை மொற்றியா. கி. மு. 8ஆம் நூற்றாண்டிற் பினீசிய வணிகர் ஈண்டுக் குடியேறினர். கிரேக்கர் சிசிலியிற் பெருகவே, பினீசியர் ஏனைய இடங்களைக் கைவிட்டு மொற்றியா முதலிய மூன்று நகரங்களில் ஒதுங்கினர் என்பர் துசிடைடீசு.

தீவு சிறிதாகலின் அதன் வாழ்வு எதிர்க்கரையைச் சார்ந்தே நின்றது. கி. மு. 6ஆம் நூற்றாண்டில் வடக்கு வாயிலினின்று பிர்கிக் கரைவரை ஏறத்தாழ ஒரு மைல் நீளமான தாம்போதி அமைக்கப்பட்டது. இறந்தோரை அடக்கஞ் செய்தற்கும் அக்கரையிலேயே இடங்கொண்டனர்.

கி. மு. 397இல் சிராக்கியூசு நகரத்துக் கொடுங்கோலன் தயோனீசியசு படையெடுத்து வந்தபோது, மொற்றியர் அத்தாம்போதியைத் தாமே தகர்த்தனர். ஆயினும் களப்பின் ஆழமின்மை பகைவனுக்கே துணையாயிற்று. அவன் கடலைத் தூர்த்து வழி சமைத்தான். கார்த்தேசுத் தளபதி இமில்கோ 100 கப்பல்களுடன் விரைந்து வந்தும், அக்காலத்துப் புதுமையான எறிபொறிகளுக்கு ஆற்றாது மீண்டான். ஆறு நிலை கொண்ட சில்லுக் கோபுரங்கள் மதிலை அணுகின. மதில் இடிந்த பின்னரும் மக்கள் வீடுதோறும் நின்று பொருதனர். இறுதியில் ஓர் இரவுத் தாக்குதலால் நகர் வீழ்ந்தது. மொற்றியர் பக்கம் நின்ற கிரேக்கரைத் தயோனீசியசு சிலுவையில் அறைவித்தான்.

இவற்றை விரித்துரைப்பவர் தயோதோரசு. அவரோ சிசிலிக் கிரேக்கர், நிகழ்ச்சிக்கு மூன்று நூற்றாண்டு பிற்பட்டவர். மொற்றியர் எழுதிய வரலாறொன்றும் நமக்குக் கிடைத்திலது. அக்குறையை ஒருவாறு நிரப்புவது அகழ்வாய்வே. மர்சாலா மது வணிகக் குடும்பத்தவரான யோசேப்பு விற்றேக்கர் தீவை விலைக்கு வாங்கி, 1906 முதல் அகழ்வித்தார். 1979இல் அங்குக் கிடைத்த பளிங்கு இளைஞன் சிலை கிரேக்கக் கைவண்ணமாகும். பினீசிய நகரில் அத்தகைய சிலை இருந்தமையும், கிரேக்கர் சிலர் அந்நகருக்காகப் போர்செய்தமையும் ஒருங்கு நோக்கற்பாலன. இருசாராரும் என்றும் பகைவராகவே வாழ்ந்தனர் எனும் பழங்கொள்கை இவற்றின் முன் நிலைபெறுதல் அரிது.

மறு ஆண்டே இமில்கோ தீவை மீட்டான். ஆயினும் அங்கு நகரைப் புதுக்கிலன். தெற்கே கடல்முனையில் இலிலிபேயத்தை அமைத்து எஞ்சியோரைக் குடியேற்றினான். அதுவே பின்னாளில் மர்சாலா ஆயிற்று. உரோமர் கி. மு. 250இல் அதனை முற்றுகையிட்டு, ஒன்பது ஆண்டு முயன்றும் படைவலியாற் கொள்ள இயலவில்லை, கி. மு. 241இன் உடன்படிக்கையாலேயே பெற்றனர்.

மொற்றியாவின் தாம்போதி இன்று நீருள் மூழ்கியுள்ளது. எனினும் 20ஆம் நூற்றாண்டிலும் தீவில் விளைந்த திராட்சையை ஏற்றிய வண்டிகள், சில்லுகள் நீரில் அமிழ, அதன்மேலேயே கரைசேர்ந்தன.