அளவுகோலும் மரபணுவும்

பெங்களூர்த் தண்டுப் பகுதியின் பழைய குடியிருப்புகளுள் ஒன்றாகிய ஆஸ்டின் டவுனில் தமிழரும், கன்னடியரும், ஆங்கிலோ-இந்தியரும் அண்டை அயலாராய் வாழ்ந்து வந்திருப்பதை நேயர்கள் அறிவர். இவர்களுள் எக்கூட்டத்தார் எவர்க்கு எவ்வளவு அணுக்கம் என்று கணக்கிட்டுக் கூற இயலுமா? இவ்வினா விளையாட்டன்று. விடை பிழையானால், மக்களை மேலோர் கீழோர் எனப் பிரிப்பதற்கு அதுவே கருவியாகிவிடும்.

ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி வங்காள மக்களின் மூக்கை அளந்து, அவ்வளவுக்கும் சாதிப் படிநிலைக்கும் உறவு உண்டென்று கூறினார். அவர் திரட்டிய அளவுகள் 1891-இல் அச்சாயின. பின்னர் 1920-இல், நாகபுரியில் கூடிய விஞ்ஞான மாநாட்டின்போது, விலங்கியல் ஆய்வுத் துறைத் தலைவர் அன்னண்டேல், கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடலளவுகளை ஆராயுமாறு பிரசாந்த சந்திர மகலனோபிஸைக் கேட்டுக்கொண்டார். மகலனோபிஸோ பௌதிகப் பேராசிரியர்! 200 ஆடவரின் உயரம் பற்றிய அவருடைய கட்டுரை 1922-இல் வெளிவந்தது.

நெட்டையானவனுக்குக் கையும் நீண்டிருப்பது இயல்பு. உயரத்தையும் கைநீளத்தையும் தனித்தனியே கூட்டினால், ஒரே செய்தியை இருமுறை எண்ணியவர் ஆவோம். அவ்விரட்டிப்பைக் கழித்து, இரு கூட்டத்தாரிடையே உள்ள தொலைவைக் கூறும் வாய்பாட்டை மகலனோபிஸ் 1936-இல் முழுவடிவில் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1933-இல், ரிஸ்லியின் எண்களையே எடுத்துச் சரிபார்த்துத் திருத்தினார். அளவுகள் அச்சில் இருந்தமையால் அன்றோ அது கைகூடிற்று!

அவ்வாய்பாடு இன்று ‘ஆர்’ என்னும் கணிப்பொறி மொழியில் அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் தொடங்கிய இம்மொழியின் மூலநிரல், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையோடு 1995-இல் விலையின்றி வெளியிடப்பட்டது. மரபணு ஆய்வுக்கென்று அதன்மேல் எழுந்த ‘பயோகண்டக்டர்’ 2001-இல் தோன்றியது.

இவ்வுரிமையின் பயன் என்ன? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் சிலர், புற்றுநோய்க் கட்டியின் மரபணுச் செயற்பாட்டைக் கொண்டே நோயாளிக்கு ஏற்ற மருந்தை முன்கூட்டி அறியலாமென அறிவித்தனர். நோயாளிகளிடம் சோதனையும் தொடங்கிற்று. ஹூஸ்டன் நகரப் புள்ளியியலார் பாகர்லி, கூம்ப்ஸ் இருவரும் அக்கணக்கை ‘ஆர்’ மொழியில் மீண்டும் போட்டனர். மரபணுப் பெயர்கள் பட்டியலில் ஒரு வரி தள்ளிப் போயிருந்தன. மருந்துக்கு இணங்குவன, இணங்காதன என்னும் குறிகள் தலைகீழாய்க் கிடந்தன. தம் ஆய்வை அவர்கள் 2009-இல் வெளியிட்டனர். 2010-இல் சோதனைகள் நிறுத்தப்பட்டன.

இனிப் பெங்களூருக்குத் திரும்புவோம். இங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைக்க, 20 நிறுவனங்கள் கூடி 2020-இல் தொடங்கிய ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத் தொகுதிகள் படிக்கப்பட்டன. ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அருகருகே உள்ள எழுத்துகள் பெரும்பாலும் சேர்ந்தே தலைமுறை கடப்பதால், உயரமும் கைநீளமும் தந்த அதே இடர்ப்பாடு இங்கும் எதிர்ப்படுகிறது.

இத்தரவுகள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டன, பரிதாபாத்தில் காக்கப்படுகின்றன. ஆஸ்டின் டவுன் மாணவி ஒருத்தி ‘ஆர்’ மொழியைக் காசின்றித் தன் கணிப்பொறியில் இறக்கிக்கொள்ளலாம். தரவுகளையோ விண்ணப்பித்து, நிபந்தனைகளுக்கு உட்பட்டே பெறுதல் வேண்டும். இக்காவலை நான் குறைகூறேன். மரபணுவிலிருந்து ஆளையே கண்டுபிடித்துவிடலாம்.