பெயருக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

1999-ஆம் ஆண்டு டிசம்பர் 24. கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள். ஹாட்மெயில் மூலம் கடிதம் எழுதி வந்த பலருக்கு அன்று தங்கள் அஞ்சற்பெட்டியைத் திறக்க முடியவில்லை. கணிப்பொறிகள் பழுதுபடவில்லை, கம்பிகளும் அறுந்துவிடவில்லை. ஹாட்மெயிலை நடத்திய மைக்ரோசாப்ட் நிறுவனம், உள்ளே வருபவர் இன்னார் என்று சரிபார்க்கும் வாயிலாக பாஸ்போர்ட்.காம் என்ற பெயரை வைத்திருந்தது. அந்தப் பெயருக்குக் கட்ட வேண்டிய 35 டாலரைக் கட்ட மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்! டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணிப்பொறி வல்லுநர் ஒருவர் இதைக் கண்டுபிடித்து, தம் கைப்பணத்தைப் போட்டு அந்தப் பாக்கியைக் கட்டினார். அஞ்சற்பெட்டிகள் மீண்டும் திறந்தன. மைக்ரோசாப்ட் அவருக்கு நன்றி கூறி 500 டாலருக்கு ஒரு காசோலை அனுப்பியது.

இணையத்தில் பெயர் என்பது சொந்தச் சொத்து அன்று, குத்தகை என்பதை இந்நிகழ்ச்சி பலருக்கு உணர்த்தியது. குத்தகை முடிந்த பெயர்களை வாங்குவதும் விற்பதும் இன்று தனியொரு வாணிபமாகவே வளர்ந்திருக்கிறது. நீங்களும் ஓர் இணையதளம் தொடங்க எண்ணியிருக்கலாம். நினைத்த பெயரெல்லாம் யாரிடமோ இருக்கிறது. “காலாவதியான பெயர் ஒன்றை வாங்கிவிடுங்கள், பழைய செல்வாக்கும் சேர்ந்து வரும்” என்று நண்பர் ஒருவர் யோசனை கூறுகிறார். அப்படி எது சேர்ந்து வரும்? இதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறியும். மனிதருக்கோ எண்கள் நினைவில் நிற்பதில்லை. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில் சில நூறு கணிப்பொறிகளே இருந்த காலத்தில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதை ஒரே பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள். கலிபோர்னியாவில் மென்லோ பார்க் நகரிலிருந்த ஓர் ஆய்வு நிலையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில் இயங்கிய குழு அப்பட்டியலைப் பராமரித்தது. புதிய கணிப்பொறியைச் சேர்க்க வேண்டுமா? அலுவலக நேரத்தில் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும்! மற்றக் கணிப்பொறிகள் அவ்வப்போது அந்தப் பட்டியலைப் படி எடுத்துக்கொள்ளும்.

வலை பெருகியதும் இந்த ஏற்பாடு திணறியது. 1983-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மொக்கபெட்ரிஸ் ஒரு மாற்றுவழியை வகுத்தார். ஒரே பட்டியலுக்குப் பதிலாக, மரத்தின் கிளைகளைப்போலப் பிரிந்த பல பட்டியல்கள். நீங்கள் ஒரு பெயரைத் தட்டினால் முதலில் வேரைக் கேட்பார்கள். அது ‘காம்’ கிளையைக் கைகாட்டும். அக்கிளை, அந்தப் பெயரின் விவரம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். அங்கே கேட்டால் எண் கிடைக்கும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் டொமைன் என்று சொல்வது கட்டடமும் அன்று, அதனுள் இருக்கும் பொருளும் அன்று. “இவரை இங்கே தேடுக” என்று பேரேட்டில் எழுதிய ஒரு வரி, அவ்வளவே. அந்த வரியை மாற்றினால், வருபவர் அனைவரும் ஓசையின்றி வேறு வாசலுக்குப் போய்விடுவர்.

1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ்.காம் பதிவாயிற்று. ‘காம்’ கிளையில் பதிவான முதற்பெயர் அதுவே. அக்காலத்தில் பெயருக்குக் கட்டணம் கிடையாது, கேட்டவருக்குக் கிடைத்தது. கட்டணம் இல்லாததால் கெடுவும் இல்லை. 1995 செப்டம்பரில்தான் இரண்டாண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் விதித்தார்கள். அடுத்த ஆண்டே பணம் வராத ஆயிரக்கணக்கான பெயர்கள் நிறுத்தப்பட்டன. இணையப் பெயர்களுக்குச் சாவு வந்தது அப்போதுதான் எனலாம்.

செத்த பெயருக்கு மதிப்பு வந்த கதை சுவையானது. 1998-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் பக்கங்களை வரிசைப்படுத்தும் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், அதிலும் எத்தகைய மதிப்புள்ள பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன என்று கணக்கிட்டு, அதைக்கொண்டு அப்பக்கத்தின் தகுதியை மதிப்பிடுவதே அம்முறை. கூகுள் அதன்மீதுதான் எழுந்தது. இதில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு மருத்துவத் தொண்டு நிறுவனம் மூடப்பட்டாலும், அதன் பெயரைச் சுட்டும் இணைப்புகள் பல்கலைக்கழகப் பக்கங்களிலும் செய்தித்தாள் பக்கங்களிலும் அப்படியே இருக்கும். அந்தப் பெயரை எடுப்பவர் கையில் அந்தச் சிபாரிசுகள் அத்தனையும் வந்துவிடும். செத்தவருக்கு எழுதிய நற்சான்றை உயிரோடிருப்பவர் காட்டி வேலை கேட்பது போன்றது இது!

ஆகவே போட்டி மூண்டது. ‘காம்’ பெயர் ஒன்று கெடு தாண்டிய மறுநாளே போய்விடுவதில்லை. முதலில் சில வாரச் சலுகைக் காலம் உண்டு. பின்னர் பழைய உரிமையாளர் கூடுதல் பணம் கட்டி மீட்டுக்கொள்ள 30 நாள். இது 2003-இல் வந்த ஏற்பாடு. அதன்பின் ஐந்து நாள் காத்திருப்பு. ஆறாம் நாள் பெயர் பொதுவில் விழும். விழும் நொடியில் பிடிப்பதற்கென்றே கணிப்பொறிகளை வைத்துக்கொண்டு நிறுவனங்கள் காத்திருக்கின்றன. ஒரு பதிவாளருக்கு இத்தனை இணைப்புகள்தாம் என்று வரம்பு இருப்பதால், ஒரே நிறுவனம் நூற்றுக்கணக்கான பதிவாளர் உரிமங்களை எடுத்து வைத்திருந்ததும் உண்டு. நல்ல பெயர்கள் பல, விழுவதற்கு முன்பே ஏலத்தில் கைமாறிவிடுகின்றன.

பெயரோடு சேர்ந்து வருபவை இணைப்புகள் மட்டுமல்ல. 2018-இல் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், வேறு நிறுவனங்களோடு இணைந்துவிட்ட வழக்கறிஞர் நிறுவனங்கள் கைவிட்ட பெயர்களை வாங்கிப் பார்த்தார். கட்சிக்காரர்களின் அந்தரங்கக் கடிதங்கள் அவருக்கு வந்து விழுந்தன. எழுதியவர்களுக்கு முகவரி மாறியது தெரியாது. அஞ்சற்காரருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வரியில் உள்ளபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர் வேலை.

இதைவிட வியப்பானது 2024-இல் நடந்தது. ‘மொபி’ என்ற கிளையின் பதிவேட்டு நிலையம், பெயர்களின் உரிமையாளர் விவரம் சொல்லும் தன் கணிப்பொறியைப் புதிய பெயருக்கு மாற்றிவிட்டு, பழைய பெயரைக் காலாவதியாக விட்டுவிட்டது. வாட்ச்டவர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தப் பழைய பெயரை 20 டாலருக்கு வாங்கினர். ஆகஸ்டு 30 முதல் செப்டம்பர் 4 வரையிலான சில நாட்களுக்குள், 1,35,000-க்கும் மேற்பட்ட கணிப்பொறி அமைப்புகளிலிருந்து சுமார் 25 லட்சம் வினாக்கள் அவர்களிடம் வந்து சேர்ந்தன! அரசு அலுவலகங்களின் அஞ்சல் கணிப்பொறிகளும் அவற்றில் இருந்தன. ஓர் இணையதளம் உண்மையானதுதான் என்று சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் அந்தப் பழைய முகவரியைத்தான் நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தன. கெட்ட எண்ணம் கொண்டவர் கையில் அது கிடைத்திருந்தால், பிறர் பெயரில் போலிச் சான்றிதழ் பெற வழி இருந்தது. மனிதராவது வாசலில் புதுப் பலகையைப் பார்த்தால் சந்தேகப்படுவார். இயந்திரம் அப்படிப் படுவதில்லை. எழுதிக் கொடுத்த முகவரியை அது ஆண்டுக்கணக்கில் தட்டிக்கொண்டே இருக்கும்.

நீதிமன்றமும் இதற்குத் தப்பவில்லை. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றில் நீதிபதி அலிட்டோ ஓர் இணையப் பக்கத்தை மேற்கோளாகக் காட்டியிருந்தார். அந்தப் பெயர் காலாவதியாயிற்று. அதை வாங்கிய குறும்பர் ஒருவர், இதை ஆதாரமாகக் காட்டாமல் போனீர்களே, நல்லதாயிற்று என்று கேலி செய்யும் வாசகத்தை அங்கே எழுதி வைத்தார். கேலியோடு போயிற்று, தீர்ப்பின் ஆதாரத்தையே திரித்து எழுதியிருந்தால்?

2018-இல் நின்றுபோன தி ஹேர்பின் என்ற பெண்கள் இதழின் பெயர் பிற்பாடு வேறொருவர் கைக்குப் போனது. செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகள் அதில் குவிக்கப்பட்டன. பழைய கட்டுரைகள் சிலவற்றில் எழுதிய பெண்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஆண்களின் பெயர்களைப் போட்டிருந்தார்கள் என்பது 2024 ஜனவரியில் வெளிவந்தது. உழைத்து எழுதியவர்களுக்கு இதைவிட அவமதிப்பு உண்டா? அதே ஆண்டு மார்ச்சில் கூகுள் தன் விதிகளைத் திருத்தியது. பழைய பெயரின் செல்வாக்கைச் சுரண்டுவதற்கென்றே அதை வாங்கிப் பயனற்றவற்றை நிரப்புவது முறைகேடு என்று அறிவித்தது. தொடக்கப்பள்ளியின் பழைய பெயரில் சூதாட்டப் பக்கம் நடத்துவதை அதற்கு ஓர் உதாரணமாகவும் காட்டியது.

அப்படியானால் நண்பர் சொன்ன யோசனையைக் குப்பையில் போடுவதா? வேண்டியதில்லை. பெயருக்காக வாங்குவது வேறு, பிறர் ஈட்டிய புகழுக்காக வாங்குவது வேறு. சுருக்கமான, எளிதில் நினைவில் நிற்கும் பெயர் ஒன்று காலாவதியாகிக் கிடைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல இதற்கும் பார்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 1996-இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம், பழைய பக்கங்களின் படிகளை 2001 முதல் எவரும் காணத் திறந்து வைத்திருக்கிறது. அதில் நீங்கள் விரும்பும் பெயரை இட்டு ஆண்டு ஆண்டாகப் புரட்டிப் பாருங்கள். மூன்றாண்டு தையற்கலை, பிறகு ஓராண்டு வெறுமை, திடீரென்று அயல்மொழியில் சூதாட்டம் என்று காட்சி மாறினால் விலகிவிடுங்கள். உங்களுக்கு முன்பே யாரோ சுரண்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தகைய பெயரைத் தேடுபொறி ஒதுக்கி வைத்திருக்கக்கூடும். குப்பை அஞ்சல் அனுப்பிய பெயர்களைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்களில் அது இருந்தால், நீங்கள் அனுப்பும் கடிதங்களும் போய்ச் சேரா. வாணிபச் சின்னமாகப் பதிவான சொல்லாக இருந்தால், 1999 முதல் நடப்பிலுள்ள தகராறு விதியின்படி பெயரையே இழக்க நேரலாம்.

பழைய உரிமையாளருக்கு வரும் கடிதங்கள் உங்களிடம் வரக்கூடும். எல்லா முகவரிக்கும் வருவதை ஏற்றுக்கொள்ளும் அமைப்பை வைக்காதீர்கள். நீங்கள் உண்டாக்கிய முகவரிகளை மட்டும் திறந்து வைத்தால், மற்றவை அனுப்பியவரிடமே திரும்பிவிடும். அவருக்கும் அப்போதுதான் உண்மை தெரியும்.

வாங்கிய பின் பதிவாளரிடம் தொடர்புக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுப்பீர்கள். அது அதே பெயரின் கீழ் அமைந்த முகவரியாக இருக்கக் கூடாது. ஓர் ஆண்டு பணம் கட்ட மறந்து பெயர் நின்றுவிட்டால், பெயர் நின்றுவிட்டது என்று சொல்லும் கடிதமும் அந்த முகவரிக்குத்தான் வரும்.